எந்த வருஷத்திலிருந்து கதையைத் தொடங்குவது? தென்னாப்பிரிக்க எஃகு ஆலைகளும் பழி போடும் அரசியலும்

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து டர்பன் இன்னும் ஒழுங்காக வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் ஆர்செலர்மிட்டல் தென்னாப்பிரிக்கா நிறுவனம், நியூகாசில், ஃபெரீனிகிங் ஆகிய இரண்டு ஊர்களிலும் தன் நீள எஃகு உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 3,500 பேருக்கு வேலை போகும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அப்புறம் என்ன, பழி போடும் படலம் ஆரம்பமாகிவிட்டது.

2013-ல் அரசு கொண்டுவந்த பழைய இரும்புக் கொள்கைதான் தன்னைச் சாய்த்தது என்றது நிறுவனம். 2004-ல் மிட்டல் கைக்குப் போன நாள்முதல் இந்த ஆலையைக் கறக்கத்தான் செய்தார்கள், தீனி போடவில்லை என்றார்கள் ஆளும் தரப்பில் பலர். தொழிற்சங்கக்காரர்கள் இன்னும் பின்னால் போய் 1989-ஐக் காட்டினார்கள், அரசு ஆலையைத் தனியாருக்கு விற்ற வருஷம் அது. நேற்றுவரை எதிர்க்கட்சியாக இருந்து இன்று கூட்டணி அரசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் 2008-ல் தொடங்குகிறது, அரசு மின் நிறுவனமான எஸ்காம் நாட்டை இருட்டில் தள்ளிய வருஷம். வயதான சில வெள்ளைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், நிறவெறி ஆட்சி முடிந்த 1994 என்பார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

இவர்களில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கதையை எந்த வருஷத்தில் ஆரம்பிக்கிறார் என்று பார்த்தாலே, யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். டர்பனில் சின்னச் சின்ன இன்ஜினீயரிங் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இரும்பு வாங்குகிறவர்கள். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது.

நியூகாசிலைத் தமிழ்நாட்டில் பலர் பெயர் தெரியாமலே அறிந்திருப்பார்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில், நேட்டாலின் வடகோடியில் இருக்கும் நிலக்கரி ஊர். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்கே போய், மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்துங்கள் என்று பேசியது இங்கேதான். தம்பி நாயுடு கூட இருந்தார். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் தன் வீட்டைத் திறந்துவிட்டார். காந்தி எல்லை தாண்டி நடத்திச் சென்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் இந்தச் சுரங்கங்களிலிருந்து திரண்டதுதான். தில்லையாடி வள்ளியம்மை சிறை போனதும் அதே போராட்டத்தில்தான். அந்தக் கரியை நம்பித்தான் பிற்பாடு 1970களில் இங்கே எஃகு ஆலையைக் கட்டினார்கள்.

ஒரு கேட்டில் இரண்டு ஆலை

முதலில் நீள எஃகு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறார். இந்த ஊரில் கம்பி போடாத ஜன்னல் கிடையாது என்பதால் தொழிலுக்குப் பஞ்சமில்லை. அவர் பட்டறையில் பாதி செய்த ஒரு சறுக்கு கேட் கிடந்தால், அதில் நாட்டின் இரண்டு பெரிய ஆலைகளையும் காட்டலாம். சுற்றுச் சட்டம் சதுரக் குழாய். குழாய் என்பது சுருளாக வரும் தகட்டைக் கிழித்து, மடித்து, ஓரத்தை வெல்டு செய்தது, அதாவது தட்டை எஃகு. அது இதே நிறுவனத்தின் வாண்டர்பைல்பார்க் ஆலையில் செய்யப்படுவது. நடுவில் நிற்கும் கம்பி, கீழே ஓடும் ஆங்கிள், இவை கட்டியை உருட்டி நீட்டி இழுத்தவை, நீள எஃகு. வீடு கட்டும் கம்பி, தண்டவாளம், சுரங்கக் கூரையைத் தாங்கும் போல்ட், வேலிக்கம்பி, கார் ஸ்பிரிங்குக்கான தனி ரகக் கம்பி எல்லாம் இந்த வகை. நியூகாசில் ஆலையின் வேலை இதுதான்.

இரண்டு வகையையும் இரண்டு விதமாக உருக்கலாம். ஒன்று ஊதுலை: இரும்புத் தாது, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கற்கரி, சுண்ணாம்புக்கல் மேலிருந்து போய்க்கொண்டே இருக்கும், கீழே உருகிய இரும்பு வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைந்தால் உள்ளே மிச்சமிருக்கும் இரும்பு பாறையாக உறைந்து, செங்கல் பூச்சு விரிசல் விட்டு, மறுபடி ஏற்றுவது புதிதாகக் கட்டுவதில் கொஞ்சம் குறைவான செலவாகிவிடும். இன்னொன்று மின் உலை: பழைய இரும்பைப் போட்டு மின்சாரத்தால் உருக்குவது. காலையில் ஏற்றி மாலையில் நிறுத்தலாம். சின்ன இடம், சின்ன முதல், கொஞ்ச ஆட்கள். நியூகாசில் ஊதுலை ஆலை. அதற்கு எதிராக இந்த நாட்டில் முளைத்த போட்டியெல்லாம் மின் உலை. பின்னால் வரப்போகும் சண்டைக்கு இது முக்கியம்.

அரசு பெற்ற பிள்ளை

இந்த ஆலைகளின் தாய் நிறுவனம் இஸ்கோர். 1928-ல் அன்றைய பிரதமர் ஹெர்ட்சோக்கின் அரசு சட்டம் போட்டு உருவாக்கியது. அன்றைய எதிர்க்கட்சியான ஸ்மட்ஸ் தரப்பு, அரசு எதற்குத் தொழில் நடத்த வேண்டும் என்று எதிர்த்தது. செனட்டில் மசோதா தோற்று, இரண்டு சபைகளையும் ஒன்றாகக் கூட்டித்தான் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பங்குகளை விற்பனைக்கு விட்டார்கள், பொதுமக்கள் சீண்டவில்லை, அரசே வாங்கிக்கொண்டது. எஃகைப் பற்றிய அரசியல் சண்டை நேற்று தொடங்கியது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இஸ்கோருக்கு எஃகு செய்வதோடு இன்னொரு வேலையும் இருந்தது: ஏழை வெள்ளையர்களுக்குச் சம்பளம் கொடுப்பது. முதலில் வெள்ளைத் தொழிலாளர்களை மட்டும் வைத்து ஓட்டப் பார்த்தார்கள், கட்டுப்படியாகாமல் கறுப்பினத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டோரியாவில் 1934-ல் உற்பத்தி தொடங்கியது. ஹென்ட்ரிக் வான் டெர் பைல் என்ற இன்ஜினீயர்தான் முதல் தலைவர், அவர் பெயரில்தான் வாண்டர்பைல்பார்க் ஊரே எழுந்தது. மூன்றாவதாக நியூகாசில். அதைத் தேர்ந்தெடுத்ததில் நிலக்கரி ஒரு காரணம். மடடேனி, ஒசிஸ்வேனி என்று பக்கத்திலேயே, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய குவாசூலு பகுதியின் குடியிருப்புகள் இருந்ததும், கறுப்பினத்தவர் நகரங்களுக்கு வராமல் அங்கேயே வேலை பார்க்கட்டும் என்ற நிறவெறிக் கணக்கும் இன்னொரு காரணம். ஆக, 1994-க்கு முன்னால் எல்லாம் சுத்தமான வியாபார முடிவுகளாக இருந்தன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாது, கரி, ரயில், மின்சாரம் நான்கும் அரசு கையில், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, வாங்குபவர்களில் பெரியவரும் அரசு. அந்த நிழலில் வளர்ந்த பிள்ளை இது.

1989-ல் டி கிளர்க் அதிபர் பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இஸ்கோர் பங்குச் சந்தைக்குப் போனது. விற்றது 1994-ல் ஆட்சிக்கு வந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இல்லை, அதன் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள் அல்லது நாடு கடந்து இருந்தார்கள். அந்தக் கட்சி மேடையில் இதைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பற்றி மேடையில் அவ்வளவு பேச மாட்டார்கள்.

தாது மலிவு, தகடு விலை

எனக்குக் கேட்டால் 2001-தான் கதையின் முடிச்சு. எந்தக் கட்சியும் அதிகம் வாயைத் திறக்காத வருஷம்.

அந்த வருஷம் இஸ்கோரை இரண்டாகப் பிரித்தார்கள். சுரங்கங்கள் கும்பா என்ற பெயரில் தனியாகப் போயின. எஃகு ஆலைகள் இஸ்கோரில் நின்றன. பாகம் பிரிக்கும்போது ஆலைகளுக்கு ஒரு சீதனம் எழுதினார்கள்: வடக்கு கேப்பில் இருக்கும் சிஷென் சுரங்கத்திலிருந்து வருஷத்துக்கு 62.5 லட்சம் டன் தாது, வெட்டும் செலவோடு 3 சதவீதம் மட்டும் சேர்த்த விலைக்கு. அப்போது தாது உலகச் சந்தையில் மலிவு, யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு சீனா வாங்க ஆரம்பித்தது. 2011 தொடக்கத்தில் டன் 180 டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய வருஷங்களிலேயே, உலகத்தில் மற்ற ஆலைகள் எல்லாம் எகிறிய விலைக்கு வாங்கிய தாது இந்த ஆலைக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதே 2001-ல் லக்ஷ்மி மிட்டலின் நிறுவனம் நிர்வாக உதவி என்று உள்ளே வந்து, 2004-ல் பெரும்பான்மைப் பங்கைப் பிடித்தது.

சரி, தாது மலிவாக வந்தது. தகடு மலிவாக விற்றார்களா? இல்லை. உள்நாட்டு வாடிக்கையாளருக்கு அவர்கள் போட்ட விலை இப்படி: ஒரு வெளிநாட்டு ஆலை இதே தகட்டை என்ன விலைக்கு விற்கும் என்று பார், அதோடு கப்பல் கூலி, காப்பீடு, துறைமுகச் செலவு, சுங்க வரி, டர்பனிலிருந்து உள்நாட்டுக்கு லாரி வாடகை எல்லாம் சேர், அதுதான் விலை. தகடு கப்பலையே பார்த்ததில்லை, வாண்டர்பைல்பார்க்கில் செய்து பக்கத்து ஊரில் இறங்கியது. ஆனால் வாங்கியவர் கடல் தாண்டி வந்ததற்கான கூலியையும் கட்டினார். அதே ஆலை மிச்சத் தகட்டை ஏற்றுமதி செய்தபோது அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. உள்ளூர்த் தாதில் உள்ளூர் ஆலை செய்த தகட்டை, தென்னாப்பிரிக்கப் பட்டறைக்காரரைவிட வெளிநாட்டுப் பட்டறைக்காரர் சகாயமாக வாங்கினார்.

ஹார்மனி என்ற தங்கச் சுரங்க நிறுவனமும் இன்னொரு சுரங்க நிறுவனமும் இதை வழக்காகக் கொண்டுபோயின. 2007-ல், வியாபாரப் போட்டி வழக்குகளை விசாரிக்கும் போட்டித் தீர்ப்பாயம் மிட்டல் ஸ்டீல் அநியாய விலை வைத்தது என்று முடிவு செய்து 69.18 கோடி ரேண்ட் அபராதம் போட்டது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தீர்ப்பாயம் சோதித்த முறை தவறு என்று சொல்லி அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. வழக்குப் போட்டவர்கள் சமாதானமாகப் போய்விட்டார்கள். விலை வைத்தது சரியா தவறா என்ற கேள்விக்கு முடிவான பதில் வராமலே போயிற்று.

இதில் நான் அரசைத்தான் முதலில் குறை சொல்வேன். வாங்கிய நிறுவனம் அதிக விலைக்கு விற்கப் பார்க்கும், அதில் என்ன ஆச்சரியம். மலிவுத் தாதைச் சேர்த்துக் கொடுத்தபோதும், பெரும்பான்மைப் பங்கு கை மாறியபோதும், உள்நாட்டு விலை இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போடும் நிபந்தனை எதுவும் இல்லை. வளர்ச்சிக்கு உதவும் விலை வரும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்புக்கு ஏது சட்டம்? நல்ல வருஷங்களில் லாபம் பங்குதாரர்களுக்குப் போனது, ஆலைகளில் பழைய இயந்திரங்கள் பழையதாகவே நின்றன. நிறுவனத்தின் அறிக்கைகளைப் படித்தால் இந்தக் காலம் இரண்டு வரியில் கடந்துவிடும்.

2009-ல் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும். சிஷெனின் 21.4 சதவீதச் சுரங்க உரிமை இன்னும் எஃகு நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. புதிய சுரங்கச் சட்டப்படி அதை 2009 ஏப்ரல் 30-க்குள் மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் செய்யவில்லை. உலகத்தின் மிகப் பெரிய எஃகுக் குழுமம் ஒரு விண்ணப்பத்தைப் போட மறந்ததா, வேண்டாம் என்று விட்டதா, தெரியாது. உடனே அரசியல் தொடர்புள்ள ஒரு சின்ன நிறுவனம் அந்தப் பங்குக்கு விண்ணப்பம் போட்டு ஆய்வு உரிமையும் வாங்கிவிட்டது. உரிமை போனதால் மலிவு விலை ஒப்பந்தமும் போயிற்று என்று கும்பா கையை விரித்தது. எஃகு நிறுவனம் அந்தச் சின்ன நிறுவனத்தையே 80 கோடி ரேண்டுக்கு வாங்கவும், கூடவே அன்றைய அதிபர் ஜூமாவின் மகனும், ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தாரோடு தொடர்புடையவர்களும் இருந்த கூட்டமைப்புக்குப் பங்கு கொடுக்கவும் 2010-ல் திட்டம் போட்டது. ஊர் சிரித்தது, திட்டம் கலைந்தது. கடைசியில் 2013 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அந்த 21.4 சதவீதத்துக்கு விண்ணப்பிக்க கும்பாவின் சிஷென் நிறுவனத்துக்கு மட்டுமே தகுதி என்று தீர்த்தது. அதற்குள் மலிவுத் தாதின் காலம் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு இடைச்செருகல். மிட்டல், குப்தா என்று பெயர்கள் செய்தியில் அடிபடும்போதெல்லாம் டர்பனில் எங்களுக்கு ஒரு சங்கடம். வானொலியில் நேயர் ஒருவர் கூப்பிட்டு ‘இந்தியர்கள்’ என்று ஆரம்பிப்பார். மிட்டல் ராஜஸ்தானில் பிறந்து லண்டனில் வெகுகாலம் இருந்தவர். குப்தாக்கள் 1990களில் சஹாரன்பூரிலிருந்து வந்தவர்கள். எங்கள் பாட்டன்கள் 1860-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்பு வெட்ட வந்தவர்கள். இந்த மூவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதற்குப் பழி அரசியலைத் தவிர வேறு எதுவும் உதவாது.

பழைய இரும்பு

மலிவுத் தாது போன அதே காலத்தில்தான் பழைய இரும்புக் கொள்கை வந்தது. 2013, அன்றைய பொருளாதார வளர்ச்சி அமைச்சர் எப்ராஹிம் படேல் கொண்டுவந்தது. ஏற்றுமதி செய்ய நினைக்கும் பழைய இரும்பு வியாபாரி, முதலில் அதை உள்நாட்டு ஆலைகளுக்கு உலக விலையைவிடக் குறைத்துக் கொடுக்க முன்வர வேண்டும். தொடக்கத்தில் தள்ளுபடி 20 சதவீதம். அவர்கள் வேண்டாம் என்றால்தான் ஏற்றுமதி அனுமதி. பிற்பாடு ஏற்றுமதி வரி வந்தது. 2022 இறுதியில், செம்புக் கம்பியும் தண்டவாளமும் திருடு போவதைத் தடுக்க என்று ஏற்றுமதிக்கே தடை வந்து, அது நீட்டிக்கப்பட்டது.

நோக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மின் உலை ஆலைகள் பிழைக்கட்டும், வேலை பெருகட்டும். பிழைத்தன, பெருகின. ஆனால் தள்ளுபடியை யாரோ கொடுக்க வேண்டுமே. அரசு கொடுக்கவில்லை. மின் உலைக்காரர் பழைய இரும்பு யார்டுக்காரருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தார், யார்டுக்காரர் அதைக் கீழே தள்ளினார். கடைசியில் அது வந்து நின்றது, பழைய அடுப்பையும் கட்டில் சட்டத்தையும் வண்டியில் வைத்து வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறவரின் கிலோ விலையில். தென்னாப்பிரிக்க எஃகு கொள்கையில் மிகப் பெரிய மானியம் கொடுத்தவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவருக்கு எந்தக் கட்சியும் செய்தியாளர் கூட்டம் நடத்தவில்லை.

நியூகாசிலுக்கு இது வேறு விதமாகச் சுட்டது. மின் உலைக்குத் தள்ளுபடிப் பழைய இரும்பு, ஊதுலைக்கு முழு விலைத் தாது. இரண்டு பேரும் ஒரே வீடு கட்டும் கம்பியை ஒரே சந்தையில் விற்க வேண்டும். நிறுவனத்தின் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் சலுகைத் தாதில் ஓட்டிவிட்டு, எதிராளிக்குச் சலுகை வந்ததும் போட்டி சமமாக இல்லை என்று சொல்கிற வாய் கொஞ்சம் தயங்க வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் இந்த நிறுவனத்தில் சுமார் 8.2 சதவீதம் பங்கு வைத்திருக்கிறது. அதே கழகம்தான் மின் உலைக்காரர்களுக்கும் கடன் கொடுத்தது, ஸ்கா மெட்டல்ஸ் என்ற இன்னொரு எஃகு நிறுவனத்தை 2012-ல் கையிலும் எடுத்தது. வலது கையால் ஒருவனுக்கும் இடது கையால் அவன் போட்டியாளனுக்கும் பந்தயம் கட்டியது.

இதற்கிடையே மற்ற ஆலைகள் சத்தமில்லாமல் விழுந்தன. விட்பேங்கில் இருந்த ஹைவெல்ட், பாலத்துக்கும் பெரிய கட்டடத்துக்கும் வேண்டிய கனரக உத்தரங்களைச் செய்த ஆலை, 2015-ல் நொடித்த நிறுவனங்களுக்கான மீட்பு நடவடிக்கைக்குப் போய் அடுத்த வருஷம் ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேற்குக் கடற்கரையில் சால்டான்யா ஆலை, 1990களின் கடைசியில் ஏற்றுமதியை நம்பிப் புதிதாகக் கட்டியது, 2020-ல் நின்றது. மலிவுத் தாதும் மலிவு மின்சாரமும் என்றென்றைக்கும் இருக்கும் என்ற கணக்கில் எழுந்த ஆலை அது. இரண்டும் போனதும் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் நீட்ட வேண்டியதில்லை, இங்கே இருப்பவர்கள் அனுபவித்தது. 2008 ஜனவரியில் சுரங்கங்களையே சில நாள் மூடச் சொன்ன எஸ்காம், அதற்கப்புறம் விலையைப் பணவீக்கத்தைவிட எத்தனையோ மடங்கு ஏற்றியது. அரசு சரக்கு ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் ரயில் வராததால் தாதும் கரியும் லாரி ஏறின. நியூகாசில் கட்டப்பட்டபோது கரி வாசலில் கிடைத்தது. இஸ்கோருக்கே சொந்தமாக துர்னகோல், ஹ்லோபானே என்று சுரங்கங்கள் இருந்தன. அவை எப்போதோ மூடிவிட்டன. இன்று கற்கரிக்கான கரியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, தாது நாட்டின் மறுகோடியிலிருந்து வருகிறது. நடுவில் ரயில் இல்லையென்றால் அந்த ஊரில் ஆலை இருப்பதற்கான காரணமே பாதி போய்விடுகிறது. எஸ்காமும் டிரான்ஸ்நெட்டும் அரசு நிறுவனங்கள் என்பதால் 2008-ஐக் காட்டுகிறவர்கள் சொல்வது சரிதான். ஆனால் விலைக் கதை அதற்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வாங்க ஆள் இல்லை

பழி விளையாட்டில் யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. 2006-ல் இந்த நாடு கிட்டத்தட்ட 97 லட்சம் டன் எஃகு உருக்கியது. இப்போது ஏறக்குறைய அதில் பாதி. சீனா இதே அளவை இரண்டு நாளில் உருக்கிவிடும். உற்பத்தி குறைந்ததற்குத் தாதையும் மின்சாரத்தையும் சொல்லலாம். உள்நாட்டில் வாங்குவதே குறைந்ததற்கு என்ன சொல்வது? ஏழு வருஷத்தில் நாட்டின் எஃகு நுகர்வு 20 சதவீதம் விழுந்தது என்று 2023 நவம்பரில், முதன்முதலாக மூடல் அறிவித்தபோது (பிறகு அதைத் தள்ளிப்போட்டார்கள்), நிறுவனமே சொன்னது.

எஃகு எங்கே போகும்? அணை, பாலம், ரயில், மின் நிலையம், சுரங்கம், வீடு. 2008 வாக்கில் தேசிய வருமானத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் இப்படி நீடித்த கட்டுமானத்துக்கும் இயந்திரத்துக்கும் போனது. மெடுப்பி, குசிலே மின் நிலையங்கள் எழுந்தன, உலகக் கோப்பைக்கு மைதானங்கள் வந்தன, கிங் ஷாகா விமான நிலையம் வந்தது. அப்போதுகூட டர்பன் மோசஸ் மபிடா மைதானத்தின் மேல் வளைந்து நிற்கும் அந்தப் பெரிய எஃகு வளைவின் துண்டுகள் ஜெர்மனியில் செய்து கப்பலில் வந்தவை. அந்த அலை ஓய்ந்த பிறகு அளவு சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நகராட்சிகள் குழாய் மாற்றவில்லை, டிரான்ஸ்நெட் தண்டவாளம் மாற்றவில்லை, ஆழச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. நியூகாசில் தண்டவாளம் செய்கிற ஆலை. தண்டவாளத்தைத் திருடுகிறவன் இருந்த அளவுக்குப் புதிதாகப் போடுகிறவன் இல்லை.

இதைச் சொன்னால் யாரையும் பெயர் சொல்லித் திட்ட முடியாது. மிட்டலைத் திட்டலாம், படேலைத் திட்டலாம், சீனாவைத் திட்டலாம். கட்டப்படாத பாலத்தின் மேல் நின்று யாரைத் திட்டுவது? அதனால்தான் இது மேடைக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

சீனாவைச் சொல்லாமல் விட முடியாது. 2015-ல் அவர்கள் ஏற்றுமதி செய்தது 11 கோடி டன்னுக்கு மேல், 2024-லும் ஏறக்குறைய அதே உயரம். வீட்டுக் கட்டுமானம் அங்கே படுத்துவிட்டதால் மிச்சம் எல்லாம் வெளியே வருகிறது. 2015-லிருந்து தென்னாப்பிரிக்க அரசு எஃகு வகைகள் பலவற்றுக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டது, 2017-ல் சூட்டில் உருட்டிய தகட்டுச் சுருளுக்குத் தனிப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது. 2016-ல் போட்டி ஆணையத்தோடு நிறுவனம் சமாதானம் செய்துகொண்டு 150 கோடி ரேண்ட் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது, ஐந்து வருஷத்துக்குத் தட்டை எஃகின் லாப விகிதத்துக்கும் ஒரு வரம்பை ஏற்றது. பதினைந்து வருஷம் முன்னால் எழுதி வாங்கியிருக்க வேண்டிய நிபந்தனை, ஆலை நஷ்டத்தில் ஓடும்போது வந்தது. லாபமே இல்லாதவனிடம் லாப வரம்பு.

2025 அறிவிப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று? மார்ச்சில் தொழில் வளர்ச்சிக் கழகம் 168.3 கோடி ரேண்ட் கடன் கொடுத்தது, மூடல் ஆகஸ்ட் இறுதிவரை தள்ளிப்போனது. கார் தொழிற்சாலைகள் பதறியதுதான் அதற்குப் பெரிய காரணம். ஸ்பிரிங்குக்கும் சில பாகங்களுக்கும் வேண்டிய தனி ரகக் கம்பியை மின் உலைகள் செய்வதில்லை, வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு ரகத்துக்கும் சோதனை செய்து அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஊதுலையை அணைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து யோசிக்க முடியாது என்று மேலே சொன்னேனே, அந்தப் பயமும் இருந்தது. ஆனால் கடன், உலையை எரியவைக்க மட்டும்தான் உதவும். தாதின் விலையையோ ரயிலையோ ஆர்டர் புத்தகத்தையோ அது மாற்றவில்லை.

இப்போது எல்லாக் கட்சிகளுக்கும் பிடித்த மருந்து வரியை இன்னும் ஏற்றுவது. என் மேசைக்கு வரும் பில்களில் இதன் மறுபக்கம் தெரிகிறது. சாட்ஸ்வொர்த் அண்ணா ஆறு மீட்டர் சதுரக் குழாய் வாங்கும்போது இறக்குமதி வரியும் சேர்ந்த விலையைத்தான் கட்டுகிறார், உள்நாட்டுக் குழாயானாலும் சரி, ஏனென்றால் கடைக்காரர் இறக்குமதி விலையைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார். 2007 வழக்கில் பேசிய அதே கணக்கு. விலை ஆட்டம் காண்பதால் தன் விலைச் சீட்டில் ‘ஏழு நாள் மட்டும்’ என்று எழுதிக் கொடுக்கிறார். அதே தெருவில் இருக்கும் ஹார்டுவேர் கடையிலோ சீனாவிலிருந்து பெயிண்ட் அடித்தே வந்த ரெடிமேட் கேட் சாய்த்து வைத்திருக்கிறது. குழாய்க்குப் போட்ட வரியின் சுமை கேட்டின் மேல் அந்த அளவுக்கு விழுவதில்லை. “வரியைப் போடட்டும் தம்பி, வேண்டாம்னு சொல்லலை. குழாய்க்குப் போட்டா கேட்டுக்கும் போடணும். இல்லைன்னா நான் வெல்டிங் மெஷினை வித்துட்டு அந்த கேட்டையே வாங்கி வித்துட்டுப் போறேன்” என்கிறார். அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். காவடிக்கு இழுக்கிற கோயில் தேரின் அடிச்சட்டத்தை இந்த வருஷம் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். அந்த இரண்டு ஊர் ஆலைகளால் போகும் என்ற 3,500 வேலையை எண்ணியது போல இந்த ஆறை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வரி கேட்டு மனுப் போட ஆலைக்கு வக்கீலும் பொருளாதார நிபுணரும் இருக்கிறார்கள். அந்த மனுவின் மேல் ஆட்சேபம் சொல்ல எத்தனை வாரம் அவகாசம் என்று அண்ணா போன மாதம் என்னைத்தான் கேட்டார்.